பீலிக்குப் போட்ட சல்லடை

ஏணிய அங்க சாத்தாதீங்க பாய். கொஞ்சம் தள்ளி, இந்த ஜன்னல் பக்கமா சாத்துங்க. நீங்க சாத்தப் போனது பெள்ளி ஏணி போடற இடம். மண்ணுல ரெண்டு பள்ளம் தெரியுது பாருங்க, மேல சுவத்துல ரெண்டு தேய்மானம். பதினோரு வருஷமா அதே இடம். அதுல இன்னொருத்தர் ஏணி வேண்டாம். சாங்கியம் எல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மாதான் சொல்றேன்.

முதல்ல இந்த டீயக் குடிங்க. மழை பதினோரு மணிக்கு மேலதான் வரும். நேரம் இருக்கு.

போன்ல சொன்னதுதான் வேலை. கூரை ஓரத்துல மழைத் தண்ணி ஓடற பீலி மேல மூடியிருக்கற சல்லடைத் தகடு மொத்தத்தையும் கழட்டணும். முப்பத்தெட்டு அடி. நீங்க உள்ள வந்ததும் மேல பார்த்துட்டு, "நல்லாத்தானே இருக்கு ஐயா, இத எதுக்குக் கழட்டணும்?"னு கேட்டீங்க. நல்லாத்தான் இருக்கு. குன்னூர்ல இருந்து ஆள் வந்து போட்டது. ஒரு வருஷத்துல ஒரு இலை உள்ள போகல. ஒண்ணுகூட. ஆனா கழட்டணும். அதுவும் ஞாயித்துக்கிழமைக்குள்ள கழட்டியாகணும், ஏன்னா ஞாயித்துக்கிழமை பெள்ளி வந்தாலும் வருவான்.

பெள்ளின்னா மேல் வீட்டுக்காரன். அதோ, கேரட் தோட்டத்துக்கு மேல பச்சை பெயிண்ட் அடிச்ச வீடு. அவன் வாசல்ல நின்னு பார்த்தா என் கூரை மொத்தமும் தெரியும். பீலிக்குள்ள என்ன கிடக்குன்னுகூடத் தெரியும். நான் இங்க நின்னு பார்த்தா அவன் வீட்டுக் கடகால் கல்லும் இந்த மரமும்தான் தெரியும். சில்வர் ஓக். எண்பது அடி இருக்கும். நிக்கறது அவன் மண்ணுல. இலை கொட்டறது என் கூரைல.

நான் சண்டைக்காரன் இல்ல பாய். யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. யாரக் கேப்பீங்க, எனக்கு யாரையும் தெரியாது. அது வேற கதை. தேயிலை ஃபாக்டரியில முப்பத்தோரு வருஷம் நைட் டூட்டி பார்த்தேன். பச்சைக் கொழுந்து சாயங்காலம் வந்து இறங்கும். அத நீளத் தொட்டில்ல பரப்பி, அடியில காத்து விட்டு, விடியறதுக்குள்ள வாட்டி எடுக்கணும். கைப்பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தா வாடினது தெரியும். பந்து மாதிரி உருண்டு மெல்ல விரியணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. காலையில வந்து படுத்தா மதியம் மூணு மணிக்குத்தான் எழுந்திரிப்பேன். ஊர்ல கல்யாணமா, கருமாதியா, கோயில் தேரா, எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்காரி பிலோமினாதான் போவா. பகல்ல மனுஷங்க எப்படிப் பேசிக்கறாங்கன்னு எனக்குப் பழக்கமே விட்டுப்போச்சு. ரிட்டையர் ஆன அன்னிக்கு மாலை போட்டாங்க, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. மெஷின் சத்தம் இல்லாம எனக்குப் பேச வரல. உக்காந்துட்டேன்.

சரி, இலைக்கு வரேன்.

சில்வர் ஓக் இலை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். மேல பச்சை, அடியில வெள்ளி, கிழிச்ச துணி மாதிரி இருக்கும். ஒண்ணொண்ணா விழுந்தா ஒண்ணும் இல்ல. பீலிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு படுத்துச்சுன்னா, தூசியும் பனியும் சேர்ந்து களி மாதிரி ஆயிடும். தண்ணி குழாய்ல இறங்காது. பின்னால வழிஞ்சு சுவத்துக்குள்ள போகும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஐப்பசி மழையில சமையக்கட்டுச் சுவரு ஊறி, பிலோமினா மாட்டி வச்சிருந்த மாதா படம் உப்பிப்போச்சு. அன்னிக்குத்தான் நான் முதல் தடவை பெள்ளி வீட்டுப் படி ஏறினேன். திட்டத்தான் போனேன்.

"உன் மரம் என் வீட்டக் கரைக்குது"ன்னேன்.

அவன் கேரட் கழுவிக்கிட்டு இருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "நீதான் கீழ் வீட்டு சவரிநாதனா? பகல்ல உன்னப் பார்த்ததே இல்லையே. நான் பிலோமினாக்கா தனியா இருக்கறதா நினைச்சேன்"னான்.

பாருங்க பேச்ச. முதல் பேச்சே இப்படி.

அப்புறம் உள்ள போயி ஏணிய எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தான். மூங்கில் ஏணி, பதினாலு அடி. கையில ஒரு பழைய தோசைத் திருப்பி. "என் மரம், என் வேலை. நான் ஏறிச் சுரண்டறேன். நீ கீழ நின்னு ஏணியப் பிடி. நான் விழுந்தா என் பொண்டாட்டி உன்னத்தான் கேப்பா"ன்னான். ஏறினான். சுரண்டினான். சுரண்டின களிய என் தலை மேலயே போட்டான். வேணும்னு போடலைன்னான். வேணும்னுதான் போட்டான்.

அதுல இருந்து பழக்கமாயிடுச்சு. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை முதல் ஏத்தம். நான் கோயில்ல ஏழு மணிப் பூசை முடிச்சுட்டு வந்து பேப்பர் பார்த்துட்டு இருப்பேன், ஒன்பது மணிக்கு ஏணி வரும். அப்புறம் கார்த்திகை முடியற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. வருஷத்துல அஞ்சு தடவை, ஆறு தடவை. நான் ஏணியப் பிடிச்சுக்கிட்டு மரத்தத் திட்டுவேன். அவன் மேல இருந்து எனக்கு பதில் சொல்லுவான்.

"இத வெட்டித் தொலைச்சா என்ன?"ம்பேன்.

"உன் வீட்ட வேணா தள்ளி வச்சுக்கோ. மரம் எங்க தாத்தா வச்சது. நீ நேத்து வந்தவன்."

"நான் வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"மரத்துக்கு அது நேத்துதான்."

இப்படியே போகும். அரை மணி நேர வேலை, ரெண்டு மணி நேரம் ஆகும். வேலை செஞ்ச மனுஷன வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு டீ குடுப்பேன். முந்தின நாளே கோத்தகிரி போயி வர்க்கி வாங்கி வச்சுடுவேன். எனக்கு வர்க்கி ஆகாது, பல்லு போச்சு. அவனுக்கு டீயில நனைக்காமத் தின்னணும், நொறுக்குன்னு சத்தம் வரணும். அவனுக்குன்னு ஒரு பெரிய டம்ளர் தனியா வாங்கினேன், சின்ன டம்ளர்ல குடுத்தா ரெண்டாவது தடவை கேப்பான், எனக்கு எழுந்திரிக்கறது சிரமம். அவ்வளவுதான் காரணம். அன்பெல்லாம் ஒண்ணும் கிடையாது. அவன் மேல எனக்குக் கோவம்தான். மனுகூடக் குடுத்திருக்கேன்.

சிரிக்காதீங்க. நிஜமா மூணு மனு. "மேற்படி மரத்தினால் எனது குடியிருப்புக்கு அபாயம்"னு கைப்பட எழுதி, தாலுகா ஆபீஸ்ல குடுத்தேன். ரெண்டாவது மனு குடுக்கப் போறப்ப பஸ் வரல. ரோட்டுல நிக்கறேன், இவன் பிக்-அப் வண்டியில கேரட் மூட்டை ஏத்திக்கிட்டு மண்டிக்குப் போறான். நிறுத்தினான்.

"எங்க போற?"

"உன் மேல மனு குடுக்க."

"ஏறு"ன்னான்.

ஏறிட்டேன். வேற என்ன பண்றது, ஆபீஸ் மூடிடுவாங்க. வழியெல்லாம் மனுவப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டே வந்தான். "அபாயம்னு ஒரு தடவை எழுதினா பத்தாது, ரெண்டு இடத்துல எழுது. அப்பத்தான் பார்ப்பான்"னான். அந்த ஆபீஸ்ல எவனும் பார்க்கல, அது வேற. திரும்பி வரும்போது மண்டி முன்னால ஒரு மணி நேரம் காத்திருந்தேன், அதே வண்டியில வரலாம்னு. பஸ் வந்துச்சு. ரெண்டு பஸ் வந்துச்சு. கூட்டமா இருந்த மாதிரி தெரிஞ்சுது, ஏறல.

என்ன கேட்டீங்க? ஆமா, வீட்டுக்காரி இல்ல. ஆறு வருஷம் ஆச்சு. அந்த விஷயத்துலயும் எனக்கு இவன் மேல வருத்தம் உண்டு. கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க.

கார்த்திகை மாசம், நல்ல மழை. ஹால்ல அவள வச்சிருக்கோம். சொந்தக்காரங்க கீழ இருந்து மேட்டுப்பாளையம் ரோட்ல மண் சரிஞ்சு வர முடியாம நிக்கறாங்க. இருக்கறது அஞ்சாறு பேரு. பக்கத்து வீட்டுக்காரன் என்ன பண்ணணும்? வந்து உள்ள உக்காரணும். ஒரு மாலை போடணும், பக்கத்துல உக்காரணும். இவன் வந்தான். வாசல்ல நின்னு உள்ள பார்த்தான். மேல பார்த்தான். போயிட்டான். திரும்பி ஏணியோட வரான்! கொட்டற மழையில சாக்கத் தலையில போட்டுக்கிட்டு ஏறிப் பீலியச் சுரண்டறான். உள்ள ஜெபம் சொல்லிட்டு இருக்காங்க, வெளிய தகரத்துல கரக் கரக்குன்னு தோசைத் திருப்பி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏணியப் பிடிக்கக்கூட ஆள் இல்ல, தனியா நிக்குது ஏணி. நான் உள்ள உக்காந்து அதையேதான் கேட்டுட்டு இருந்தேன். ஒழுகிட்டு இருந்துச்சு, வாஸ்தவம். அவ தலைமாட்டுக்கிட்டச் சொட்டிட்டு இருந்துச்சு, நின்னுபோச்சு. இருந்தாலும் ஒரு முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அவன் கடைசி வரைக்கும் உள்ள வந்து உக்காரவே இல்ல. பெட்டி தூக்கறப்பத்தான் வந்தான், நனைஞ்ச சட்டையோட. ஒரு பக்கம் தோள் குடுத்தான்.

அத நான் மறக்கவே இல்ல.

அதுக்கப்புறம் எனக்குப் பிடிவாதம் வந்துடுச்சு. இவன் தயவுல என் வீடு நிக்கக் கூடாதுன்னு. போன வருஷம் புரட்டாசியில ஒரு பத்திரிகையில பார்த்தேன், பீலிக்கு மேல மூடி போடலாம், இலை உள்ள போகாது, தண்ணி மட்டும் போகும்னு. அந்தப் பக்கத்தக் கிழிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். குன்னூர்ல ஒரு பெரிய ஹார்டுவேர் கடை. நாலு தரம் போனேன்.

நான் சும்மா வாங்கற ஆள் இல்ல. ஒரு கவர் நிறைய இலையும், ஒரு பாட்டில் தண்ணியும் எடுத்துட்டுப் போனேன். கடைக்காரரு நாலு தினுசு எடுத்துப் போட்டாரு. முதல்ல ஒண்ணு, பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி நீளமா, முள்ளு முள்ளா. பீலிக்குள்ள படுக்க வச்சுடணும். இலையப் போட்டேன், முள்ளுல சிக்கிக்கிச்சு, ஊதினாலும் போகல. இது ஆகாதுன்னேன். ரெண்டாவது மெத்தைப் பஞ்சு மாதிரி ஒண்ணு. நம்ம மேகமூட்டத்துக்கு ஒரே மாசத்துல பாசி முளைச்சுடும், கோழி மேயலாம் அதுல. மூணாவது பிளாஸ்டிக் வலை. விலை கம்மி. ஆனா இலைக் காம்பு ஓட்டைக்குள்ள நுழைஞ்சு, நாத்து நட்ட மாதிரி நிக்குது. அதுவும் இல்லாம குரங்கு. எங்க குரங்குக்கு அத உரிக்கறது பட்டாணி உரிக்கற மாதிரி. நாலாவதுதான் இது. அலுமினியத் தகடு, பொடி ஓட்டை. கல்லாப் பெட்டி பக்கத்துலயே சாய்ச்சுப் பிடிச்சு, இலைய வச்சு, தண்ணி ஊத்தினேன்.

"ஐயா, இது கடை"ன்னாரு.

தண்ணி ஓட்டையில இறங்கிடுச்சு. இலை சறுக்கிக்கிட்டுப் போயி அவரு பில் புக்கு மேல விழுந்துச்சு. ஒண்ணுகூடத் தங்கல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? யாருக்காவது காட்டணும் போல இருந்துச்சு. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா"ன்னு கேட்டேன். அவரு துணி எடுத்துத் தொடைச்சுட்டு இருந்தாரு. பெள்ளிதான் பார்த்திருக்கணும்.

போடறதுக்கு நாள் பார்த்தேன். ஜோசியம் இல்ல. அவன் மகள் வீட்டுல உருளைக்கிழங்கு எடுப்பு, குந்தா பக்கம், மூணு நாள் போயிடுவான். அந்த மூணு நாளுக்குள்ள முடிக்கணும்னு ஆள் கூட்டிட்டு வந்தேன். முதல்ல பீலியக் கழுவிச் சுத்தம் பண்ணினாங்க. தகட்டோட மேல் ஓரத்தக் கூரை ஷீட்டுக்கு அடியில சொருகி, கீழ் ஓரத்தப் பீலி விளிம்புல வச்சு, ரப்பர் வாசர் போட்டு ஸ்க்ரூ. அடிக்கு ஒரு ஸ்க்ரூ போதும்னாங்க, நான் ரெண்டு போடச் சொன்னேன். உங்களுக்கு இப்பக் கழட்டக் கஷ்டம், மன்னிச்சுக்கோங்க. குழாய் இறங்கற மூலையில மட்டும் ஆறு அங்குலம் குறைஞ்சுது, அதுக்கு வேற துண்டு வெட்டிப் போட்டாங்க. மேல ஒரு தோசைத் திருப்பி கிடக்குன்னு எடுத்துக் குடுத்தாங்க. அவன் விட்டுட்டுப் போனது. அலமாரியில வச்சிருக்கேன். அவனா வந்து கேக்கட்டும்.

அந்த ஞாயித்துக்கிழமை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பூசையில சாமியார் என்ன பிரசங்கம் வச்சாருன்னு சத்தியமா தெரியாது. வந்து நாற்காலியப் போட்டு, பேப்பரப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தேன். வர்க்கிகூட வாங்கி வச்சிருந்தேன். ஏன் வாங்கினேன்னா, அவன் கோவப்படுவான், கத்துவான், கத்தி முடிச்சதும் டீ குடுக்கணுமே.

ஒன்பது மணிக்கு ஏணி வந்துச்சு. வந்தவன் மேல பார்த்தான். நான் பேப்பரப் பார்க்கறேன்.

"என்ன இது?"

"சல்லடை. அலுமினியம்."

ஏணிய இறக்கவே இல்ல. தோள்ல வச்சபடியே இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பார்த்தான். மேல ஒரு இலை விழுந்துச்சு. சறுக்கிக் கீழ வந்து அவன் கால்கிட்ட விழுந்துச்சு. அதையும் பார்த்தான்.

"நல்லாத்தான் போட்டிருக்க"ன்னான். "ஸ்க்ரூ நிறையப் போட்டிருக்க. இனி எனக்கு இங்க வேலை இல்ல."

நான் என்ன சொல்லியிருக்கணும்? வேற எதாவது சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் பேசின பேச்சுல எதாவது ஒண்ணு எடுத்து விட்டிருக்கலாம். நான் சொன்னேன், "ஆமா. உனக்கும் வயசாச்சு"ன்னு.

"சரி"ன்னான்.

திரும்பினான். ஏணி பதினாலு அடி, என் வாசல் பன்னெண்டு அடி. நேரா வந்துட்டுப் பின்னாலயே போகலாம், திரும்பறதுன்னா கஷ்டம். வழக்கமா நான் ஒரு முனையத் தூக்கிப் பிடிச்சுத் திருப்பி விடுவேன். அன்னிக்கு அவன் மூணு தடவை முன்ன போயி, பின்ன வந்து, முன்ன போயி, சுவத்துல இடிச்சு, ஒருவழியாத் திரும்பினான். நான் பேப்பர வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுந்திரிச்சிருக்கலாம். எழுந்திரிக்கல. ஜெயிச்சவன் எழுந்திரிக்கக் கூடாதுன்னு நினைச்சேனோ என்னமோ.

அவன் கத்துவான்னு நினைச்சேன் பாய். கத்தவே இல்ல.

மழை வந்துச்சு. சல்லடை நல்லா வேலை செஞ்சுது. நான் குடையப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பார்ப்பேன். இலை விழும், சறுக்கும், போயிடும். தண்ணி குழாய்ல இறங்கி டிரம்முல விழற சத்தம் கேக்கும். எல்லாம் சரியா நடந்துச்சு. ரெண்டு வாரம் ஆச்சு, நாலு வாரம் ஆச்சு, கார்த்திகை முடிஞ்சுது. வர்க்கி நமுத்துப் போச்சு. தண்ணி சுவத்துக்குள்ள இறங்கல, மாதா படம் அப்படியே இருக்கு, சமையக்கட்டு காஞ்சு கிடக்கு. அந்தச் சமையக்கட்டுல ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைக்கறது?

சண்டைன்னு நினைச்சுடாதீங்க. சண்டை இல்ல. ரோட்டுல பார்த்தா கைய தூக்குவான். நானும் தூக்குவேன். கைய தூக்கினப்புறம் என்ன பண்றது? வண்டி போயிடும். முன்னெல்லாம் திட்டறதுக்கு ஒரு விஷயம் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் களி இருந்துச்சு. இப்ப சுத்தமா இருக்கு.

நானும் சும்மா இருக்கல. தை மாசம் மேல போனேன். "இலையெல்லாம் இப்ப சறுக்கி என் வாசல்ல விழுது, என்ன பண்றதா உத்தேசம்?"னு கேட்டேன். வேணும்னே கொஞ்சம் காரமாக் கேட்டேன். அவன் என்ன பண்ணியிருக்கணும்? "வாசலத் தூக்கி வேற பக்கம் வை"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. "அப்படியா, சரி, ஆள் அனுப்பறேன்"னான். மறுநாள் தோட்டத்துல வேலை செய்யற ஒரு பொம்பள விளக்குமாத்தோட வந்து நிக்குது. மரியாதையா! பதினோரு வருஷத்துல அவன் எனக்கு மரியாதை குடுத்ததே இல்ல. அந்தப் பொம்பளகிட்ட, நீ போம்மா, என் வாசல நானே கூட்டிக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

நேராப் போயிக் கூப்பிடலாமேன்னு சொல்றீங்க. எல்லாரும் சொல்லலாம். என்ன சொல்லிக் கூப்பிடறது? சும்மா வான்னா? சும்மா எதுக்கு ஒருத்தன் வருவான்? எனக்கு சும்மா யாரும் வந்ததில்ல பாய், நானும் சும்மா ஒருத்தர் வீட்டுக்குப் போனதில்ல. போனா என்ன பேசுவாங்க? உக்காருங்கம்பாங்க, டீ குடிக்கிறீங்களாம்பாங்க, அப்புறம்? ரெண்டு தடவை அவன் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கேன். நாய் குரைச்சுது. நாய் குரைச்சுதுன்னு திரும்பிட்டேன். அந்த நாய் எனக்குக் குட்டியில இருந்து பழக்கம், வால ஆட்டிட்டேதான் குரைக்கும்.

இப்ப எதுக்குத் திடீர்னு கேளுங்க. போன வாரம் வாசல்ல நின்னு மேல பார்க்கறேன், அவன் ஏணிய வெளிய எடுத்து வெயில்ல போட்டிருக்கான். ஒரு படி ஆடியிருக்கும் போல, கயித்தால புதுசா இறுக்கிக் கட்டறான். எதுக்குக் கட்டறான்? பட்டர் ஃப்ரூட் பறிக்கன்னா, அது ஆடியிலயே முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கன்னா, அவன் அடிச்சதே இல்ல. அப்ப எதுக்கு? தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஒருத்தன் எதுக்கு ஏணியச் சரி பண்ணணும்? கைப்பழக்கமா இருக்கலாம். இல்ல, விக்கறதுக்கா இருக்கலாம். அத நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. பகல்லயும் வரல.

அன்னிக்கே உங்க நம்பர வாங்கிட்டேன். குன்னூர் ஆளக் கூப்பிடல. போட்டவங்ககிட்டயே கழட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

சரி, குடிச்சாச்சா? வையுங்க, நான் கழுவிக்கறேன். ஏறுங்க. ஸ்க்ரூ அங்கங்க துரு பிடிச்சிருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டுத் திருப்புங்க. தகட்ட மேல இருந்து ஒண்ணொண்ணா இறக்கிக் குடுங்க, கீழ போட்டா சத்தம் கேக்கும். கழட்டினதெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. யாருக்காவது பிரயோஜனப்படும். தனியா இருக்கறவங்களுக்குக் குடுக்காதீங்க.

இன்னொரு வேலை இருக்கு பாய். போன்ல சொல்லல. சொன்னா வர மாட்டீங்கன்னு நினைச்சேன்.

பீலி உள்ள சுத்தமா இருக்கும். அதான் சிக்கல். இன்னிக்கு வியாழன். ஞாயிறு காலைக்குள்ள எத்தனை இலை விழும்? காத்து அடிச்சாலும் அம்பது விழுமா? அம்பது இலைக்கு ஒருத்தன் பதினாலு அடி ஏணியத் தூக்கிட்டு இறங்கி வருவானா? நீங்க வருவீங்களா? பின்னால பாத்ரூம் பக்கத்துல மூணு சாக்கு மூட்டை வச்சிருக்கேன். இலைதான். தை மாசத்துல இருந்து நான் கூட்டினது. எரிக்க மனசு வரல. அத மேல கொண்டுபோயி பீலிக்குள்ள போட்டுடுங்க.

அப்படிப் பார்க்காதீங்க பாய். கூலி சேர்த்துக் குடுக்கறேன்.

கட்டியிருக்கற மூட்டை பழசு, நல்லா மக்கியிருக்கு, மண்ணோட கறுப்பா இருக்கும். அத அடியில போடுங்க. அதுக்கு மேல ரெண்டாவது மூட்டை. காஞ்சத மட்டும் கடைசியில மேலாகத் தூவுங்க. ரொம்ப ஒழுங்காப் போடாதீங்க, தானா விழுந்த இலை ஒழுங்கா விழாது. அவன் கண்ணு பொல்லாதது, கேரட் இலையப் பார்த்தே மண்ணுக்கு என்ன குறைன்னு சொல்றவன். இந்த மூலையில குழாய் வாய நல்லா அடைச்சுடுங்க. அங்க அடைச்சாத்தான் தண்ணி சமையக்கட்டுப் பக்கம் வழியும். வழிஞ்சா மேல இருந்து பார்க்கறவனுக்குத் தெரியும். சுவரு ஊறினா ஊறட்டும். மாதா படத்தக் கழட்டி ஹால்ல மாட்டிட்டேன்.

வேலை முடிஞ்சதும் கீழ் வழியா இறங்கிப் போயிடுங்க. இல்ல, வேண்டாம். வந்த வழியே போங்க, அவன் வீட்ட ஒட்டியே போங்க. நீங்க முடிக்கற நேரத்துக்கு மண்டிக்குப் போனவன் திரும்பி வாசல்லதான் உக்காந்திருப்பான். தகட்ட மட்டும் சாக்குல சுத்திக்கோங்க. கீழ் வீட்டுல என்ன வேலைன்னு கேட்டான்னா, கேபிள் ஒயர் பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்க. கேக்க மாட்டான். ஒரு வருஷமா ஒண்ணும் கேக்கல.

ஆனா கேட்டான்னா, தூரம்னு பார்க்காமத் திரும்ப ஒரு தடவை இறங்கி வந்து என்கிட்டச் சொல்லிட்டுப் போங்க பாய். என்ன வார்த்தை கேட்டான்னு, அப்படியே.